சுவருக்கும் மூக்கு வேண்டும்

மகன்,

ஒரே வீட்டில் ஒரு சுவருக்கு இந்தப் பக்கம் நானும் அந்தப் பக்கம் நீயுமாக இருந்துகொண்டு, கடிதம் எழுதுகிற கிறுக்கு அம்மாவுக்கு எங்கிருந்து வந்தது என்று நீ சிரிப்பாய். சிரி. வேலை செய்த காலமெல்லாம் தபால் கந்தோரில் உட்கார்ந்து ஊராருடைய கடிதங்களை அடுக்கிக் கொடுத்தவள், எனக்கென்று நீளமாக ஒன்று எழுதியதில்லை. பேசித் தீர்த்திருக்கலாம்தான். ஆனால் அந்தக் காணியைப் பற்றி நான் வாயைத் திறந்தால் நீ "பிறகு பேசுவோம் அம்மா" என்று துவாயை எடுத்துக்கொண்டு குளிக்கப் போய்விடுகிறாய். உள்ளே தண்ணீர் விழுகிற சத்தம் கேட்டதும் எனக்கும் பேச்சு நின்றுவிடுகிறது. அதனால்தான் எழுதுகிறேன். உன் கல்யாணத்துக்கு முன்னால் இதை நீ வாசித்துவிட வேண்டும். கல்யாணம் முடிந்த கையோடு அங்கே அத்திவாரம் வெட்டப்போவதாக எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு திரிகிறாய். எனக்குப் புது வீடாம். உன் அப்பா மண்ணுக்குள் போன இடத்தில் எனக்குப் புது வீடு.

வேண்டாம், மகன். காரணத்தைக் கடைசியில் சொல்லலாம் என்று சுற்றி வளைக்க எனக்குத் தெரியாது. அந்த வீட்டை எனக்குக் கட்டாதே. காணி என் பெயரிலும் இருக்கிறது, நான் கையெழுத்துப் போடமாட்டேன். இனி நீ கோபப்படலாம், ஆனால் கோபப்பட்டுக்கொண்டே மீதியையும் வாசி.

உன்னிடம் சொல்லாத ஒன்று இருக்கிறது. மழை பெய்தால் எனக்கு அந்தச் சத்தம் கேட்கிறது. இந்தக் கட்டுகஸ்தோட்டை மாடி வீட்டில், நம்முடைய பழைய இடத்துக்கும் இதற்கும் எந்தச் சம்பந்தமும் இல்லாத இந்த வீட்டில், பட்டப்பகலில், காயப்போட்ட துணியை அவசரமாக அள்ளிக்கொண்டு நிற்கும்போது கேட்கிறது. டொக், டொக். அலவாங்கின் இரும்பு முனை சீமெந்தில் படுகிற சத்தம். முதலில் கீழ்மாடிக்காரர் ஏதோ உடைக்கிறார் என்று நினைத்து இறங்கிப்போய்க் கேட்டேன். அவர் கதிரையில் சாய்ந்து பேப்பர் பார்த்துக்கொண்டிருந்தார். என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். அதன்பிறகு நான் யாரிடமும் கேட்கவில்லை. சத்தம் வருவது எனக்குப் பயமில்லை, அது நிற்பதுதான் பயம். அன்றைக்கு நின்றதைப் போலவே நிற்கிறது, ஓர் அடிக்கும் அடுத்த அடிக்கும் நடுவில். அந்த அடுத்த அடிக்காக நான் ஈரத் துணியைப் பிடித்தபடி காத்துக்கொண்டு நிற்பேன்.

நான் ஹந்தானைத் தேயிலைத் தோட்டத்து லயத்தில், அந்த வரிசை வீடுகளில் பிறந்தவள் என்பது உனக்குத் தெரியும். அந்த லயத்துச் சுவரை உனக்குத் தெரியாது. மழை பிடித்தால் மேட்டுத் தண்ணீர் பின்சுவரில் ஊறி, வெள்ளைச் சுண்ணாம்பின் மேல் செம்மண் கோடு கோடாக இறங்கும். தீபாவளிக்கு வெள்ளையடிப்போம், அடுத்த அடைமழைக்கு மறுபடி கோடு வந்துவிடும். அந்தச் சுவரில் சாய்ந்துதான் பாடம் படித்தேன், அதே சட்டையோடு பள்ளிக்கூடம் போனேன். டவுன் பிள்ளைகள் என் முதுகைப் பார்த்தே நான் எங்கே படுத்தெழும்புகிறவள் என்று சொல்லிவிடுவார்கள். அந்த வயதில் எனக்கு ஒரே ஒரு ஆசைதான் இருந்தது. கறை இறங்காத ஒரு வெள்ளைச் சுவர், மண் ஒட்டாத ஒரு முற்றம். நகை நட்டு எதற்கும் நான் அவ்வளவு ஏங்கியதில்லை.

உன் அப்பா அதே தோட்டத்தில் பிறந்து, மேசன் வேலை பழகி, கண்டி டவுனில் 'பாஸ்' என்று பெயரெடுத்தவர். ஹந்தானை ரோட்டுக்குக் கீழே அந்தச் சரிவுக் காணியை நாங்கள் வாங்கியபோது அது மலிவாகக் கிடைத்ததன் காரணத்தை நான் கேட்கவில்லை. நடுவில் ஒரு பள்ளம், பள்ளம் நிறைய ஈரத்தில் மண்டுகிற ஹபரல இலையும் கொஹிலச் செடியும், மூலையில் கல்லிடுக்கிலிருந்து கசிகிற ஓர் ஊற்று. அவருக்கு அந்த ஊற்றை விட்டுவிட விருப்பம். "பூ மரம் வைக்கக் கொஞ்சமாவது மண்ணு வேணாமா?" என்று கேட்டார். "மண்ணே வேணாம். காலுல மண்ணு பட்டு வாழ்ந்தது போதும்" என்றேன் நான். மனுஷன் என் பேச்சைத் தட்டமாட்டார், அதுதான் அவரிடம் இருந்த கெட்ட குணம். பள்ளத்தை நிரப்பினார், ஊற்றின் மேல் கல்லடுக்கிச் சீமெந்து போட்டார், வேலி முதல் வேலி வரை முற்றத்தைப் பூசி மெழுகினார். மூடுவதற்கு முன்னால் தோட்டத்து வழக்கப்படி கன்னிமாருக்குத் தேங்காய் உடைத்து, சூடம் கொளுத்தி, அனுமதி கேட்டோம். கேட்டுவிட்டால் கிடைத்துவிட்டது என்று நம்முடைய ஆட்களுக்கு ஒரு நினைப்பு. சாமியிடம் கேட்டோம், கீழ்வீட்டு ஹலீமா ராத்தாவிடம் கேட்கவில்லை.

முதல் பெருமழைக்கே ராத்தா படியேறி வந்தார். மடவளையில் பிறந்து, கடைக்காரருக்கு வாழ்க்கைப்பட்டு, நமக்கு முன்பே அந்த ஒழுங்கையில் குடிவந்தவர் அவர். சண்டைக்கு வரவில்லை. முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு வாசலிலேயே நின்று, "புள்ள, முந்தி மழ பேஞ்சா தண்ணி ஒங்கட பள்ளத்துக்குள்ளேயே நிண்டு நிண்டு போற. இப்ப எங்கட குசினிக்குள்ள வருது" என்றார். உன் அப்பாவுக்குக் காது சிவந்துவிட்டது. அடுத்த மாதமே காணியின் கீழ்க்கோடியில் உயரமான சுவரை எழுப்பினார், ஒரு கான் வெட்டி முற்றத்துத் தண்ணீரை அதில் இறக்கி வேறு பக்கம் திருப்பினார். அந்தச் சுவரில் இடைவெளி விட்டு விட்டு வரிசையாகக் குழாய்த் துண்டுகளை வைத்தார். எனக்கு அது அசிங்கமாகத் தெரிந்தது. "இது என்னத்துக்கு?" என்றேன். "செவருக்கும் மூக்கு வேணும்டி. பின்னால நிக்கிற தண்ணி அது வழியாத்தான் வெளிய வரும். மூக்க அடைச்சா மூச்சு முட்டி உளுந்துரும்" என்றார். அன்றிலிருந்து நம் வீட்டில் அந்த ஓட்டைகளுக்குப் பெயர் மூக்கு. நீ சின்னவனாக இருக்கும்போது அதற்குள் விரலை விட்டுவிட்டு, "செவருக்குச் சளி பிடிச்சிருக்கு அம்மா" என்று ஓடி வருவாய்.

இனி வருவது உனக்கு நன்றாகத் தெரிந்த கதை. தெரிந்த கதையை மறுபடி சொல்வதற்குக் காரணம், நீ அதை உனக்கு நீயே தப்பாகச் சொல்லிக்கொண்டிருக்கிறாய் என்பதுதான். உனக்குப் பேராதனைக் கம்பஸ் கிடைத்தது. தோட்டத்து லயத்திலிருந்து வந்த குடும்பத்தில் முதல் என்ஜினியர். விருந்து வைத்தோம். உன் பள்ளிக்கூட ஆசிரியர்களும் என் கந்தோர் ஆட்களும் அந்தச் சுவரோரப் படிகளில்தான் ஏறி வர வேண்டும். புதிதாக வெள்ளையடித்த சுவரில் ஒவ்வொரு மூக்கின் கீழும் செம்மண் கோடு. எனக்கு முதுகு கூசியது. "லயத்துச் செவரு மாதிரியே இருக்கு. அடைச்சு விடு" என்று உன்னிடம் சொன்னேன். நீ சாக்குத் துண்டைத் திணித்து, சீமெந்து குழைத்து, விசிலடித்துக்கொண்டே ஒவ்வொன்றாகப் பூசினாய். அழகாகப் பூசினாய், பாஸ் மகன் அல்லவா. மாலையில் அப்பா வேலையிலிருந்து வந்து பூச்சை விரலால் தட்டிப் பார்த்தார். "விசேஷம் முடிஞ்சதும் தொறந்து விடணும்" என்றார். எனக்குச் சந்தோஷமாக இருந்தது, அதனால் அவரும் சந்தோஷப்பட்டுக்கொண்டார்.

விசேஷம் முடிந்தது, யாரும் திறக்கவில்லை. முதல் லீவுக்கு நீ பேராதனையிலிருந்து வந்தபோது சாப்பாட்டுத் தட்டில் சோற்றைக் குவித்துச் சுவர் கட்டினாய், அதன் பின்னால் பருப்புக் கறியை ஊற்றிக் காட்டினாய். சோற்றுச் சுவர் மெல்ல வீங்கிச் சரிந்தது. "அப்பா, அதைத் தொறக்கணும்" என்றாய். அவர் விழுந்து விழுந்து சிரித்தார். "எனக்கே பாடமா? தீபாவளிக்கு வெள்ளையடிக்கிறப்ப தொறந்துருவோம்" என்றார். தீபாவளிக்கு அவருக்கு வெளியூரில் வேலை. அடுத்த தீபாவளிக்கு உனக்குப் பரீட்சை. மழை வந்தது, போனது, சுவர் நின்றது. இவ்வளவு காலம் நின்றதால் இனியும் நிற்கும் என்று நாங்கள் நினைத்துக்கொண்டோம். நீ கேட்டாய், மகன். சோற்றைக் குவித்துக் காட்டிக் கேட்டாய். அடைக்கச் சொன்னவள் நான், அடைத்தவன் நீ, திறக்கத் தெரிந்தும் தள்ளிப் போட்டவர் அவர். மூன்று பேருக்கும் பங்கு உண்டு. நீ மட்டும் மூன்று பங்கையும் உன் தலையில் ஏற்றிக்கொண்டு அலைகிறாய்.

அந்தப் பெருமழை நாளில் நீ கொழும்பில் வேலையில் இருந்தாய். மத்தியானம் போன் எடுத்து, "மலைப் பக்கமெல்லாம் சரியுதாம் அம்மா, அப்பாவக் கூட்டிட்டு உடனே மேல் ரோட்டுக்குப் போங்க" என்று கத்தினாய். நான் வெளியே வந்து பார்த்தேன். முற்றத்துச் சீமெந்தின் நடுவில் ஒரு வெடிப்பு, அதிலிருந்து கலங்கல் தண்ணீர் கொதிக்கிற மாதிரி எழும்பிக்கொண்டிருந்தது. எத்தனையோ வருடத்துக்கு முன்னால் நாங்கள் மூடிய ஊற்று. அப்பா அதைப் பார்த்தார், கொட்டிலுக்குப் போய் அலவாங்கை எடுத்தார். எனக்குப் பயத்தில் வந்தது கோபம்தான். "இப்பத்தான் ஞாபகம் வந்துச்சா?" என்றேன். நான் அவரிடம் கடைசியாகச் சொன்ன வார்த்தை அதுதான். வேறு எதையாவது சொல்லியிருக்கக் கூடாதா என்று நினைக்காத நாளில்லை. அவர் கோபப்படவில்லை. "நீ கோயிலடிக்குப் போ. ராத்தா வீட்டாள்களைக் கெளப்பிட்டு, மூக்கத் தொறந்துட்டு வந்துர்றேன்" என்றார்.

நான் ரோட்டோரக் கோயில் தாழ்வாரத்தில் நனைந்துகொண்டு நின்றேன். கீழே ராத்தா பேரப்பிள்ளைகளை இழுத்துக்கொண்டு பள்ளிவாசல் பக்கம் ஓடுவது தெரிந்தது. அப்பாவைத் தெரியவில்லை, சத்தம் மட்டும் வந்தது. டொக், டொக். அந்தச் சத்தம் வரும்வரை அவர் இருக்கிறார் என்று எனக்குத் தைரியம். பிறகு அது நின்றது. அதற்குப் பிறகுதான் சுவர் விழுந்த சத்தம். இரண்டுக்கும் இடையில் எவ்வளவு நேரம் என்று போலீஸ்காரர் கேட்டார். இன்றைக்கும் அந்த இடைவெளிக்குள்தான் நான் இருக்கிறேன்.

நீ வந்து சேர்ந்ததும் அப்பாவின் முகத்தைப் பார்ப்பதற்கு முன்னால், மண் தோண்டிய ஆட்களிடம் கேட்டது ஒன்றே ஒன்றைத்தான். "எத்தனை திறந்திருந்தார்?" அவர்களில் ஒருவர் உடைந்து கிடந்த துண்டுகளைக் காலால் புரட்டிப் பார்த்துவிட்டு, "ஒண்ணுமில்ல தம்பி, எல்லாம் அடைச்சபடிதான் கெடக்கு" என்றார். நீ அழவில்லை. உன் கையைப் பார்த்துக்கொண்டு நின்றாய். கொள்ளி வைக்கப் போகிற கையை அல்ல, சீமெந்து பூசிய கையைத்தான் நீ அன்றைக்குப் பார்த்தாய் என்று எனக்குத் தெரியும். பெற்றவளுக்கு அது தெரியாமல் போகுமா?

அதன்பிறகு நீ கொழும்பை விட்டுவிட்டு இங்கேயே வேலை எடுத்துக்கொண்டாய். கண்டி வாவிக்கும் மகாவலி ஆற்றுக்கும் நடுவில் தண்ணீர் எங்கே தேங்குகிறது, எங்கே வழி மாறுகிறது என்று மழைக்கோட்டோடு அலைகிற வேலை. வீட்டுக்கு வந்தாலும் அதே பேச்சுத்தான். "தண்ணிய வெரட்டக் கூடாது அம்மா. வந்த ஆளை உக்கார வைக்கிற மாதிரி உக்கார வைக்கணும். மெதுவா எழும்பிப் போகட்டும்" என்பாய். முற்றத்தில் பதிக்கிற இன்டர்லொக் கல்லுக்கு நடுவில் புல் விட வேண்டும், கூரைத் தண்ணீரைத் தொட்டியில் பிடிக்க வேண்டும், கானுக்கு ஓரமாகச் செடிப் பள்ளம் வெட்ட வேண்டும், சரிவில் ஓடுகிற சின்ன நீரோடைகளை மூடக் கூடாது என்று மூச்சு விடாமல் சொல்லுவாய். ஒரு கடைக்கார முதலாளி உன்னைத் திட்டி அனுப்பியபோது கூட, மறுநாள் மறுபடி அவரிடமே போய் நின்றாய். எனக்குப் பெருமையாக இருந்தது. என் மகன் நல்ல வேலை செய்கிறான் என்று கோயிலில் எல்லோரிடமும் சொன்னேன்.

போன மாதம் உன் அறையைக் கூட்டும்போது சுவரில் ஒட்டியிருந்த வரைபடத்தைப் பார்த்தேன். ஹந்தானைச் சரிவிலிருந்து டவுன் வரைக்கும் வீடு கட்டக் கூடாத இடமெல்லாம் பச்சை அடித்து வைத்திருந்தாய். ஊற்று இருக்கிற இடம், பள்ளம், ஓடைக் கரை. நம்முடைய ஒழுங்கையைத் தேடிக் கண்டுபிடித்தேன். மேலேயும் பச்சை, கீழேயும் பச்சை, இரண்டு பக்கமும் பச்சை. நடுவில் கைக்குட்டை அளவுக்கு ஒரு வெள்ளைத் துண்டு. நம் காணி. ஊருக்கெல்லாம் கூடாது என்று சொல்கிறவன் உன் அம்மாவின் காணியை மட்டும் விட்டுவிட்டு, பார்த்துப் பார்த்துப் பச்சை அடித்திருக்கிறாய். அதைக் கண்டதும் உன்னை இரண்டு அறை அறையலாம் போல இருந்தது. பிறகு மேசையில் கிடந்த வீட்டுப் பிளானைப் பார்த்தேன். எனக்குப் பிளான் பார்க்கத் தெரியும், பாஸ் பொண்டாட்டி அல்லவா. வீட்டை ஏனோதானோவென்று கீறியிருந்தாய், குசினிக்கு ஜன்னல் கூட இல்லை. ஆனால் சுவர்! கீழ்க்கோடிச் சுவரை எவ்வளவு கவனமாகக் கீறியிருந்தாய். அதில் முழுக்க மூக்கு. அம்மை போட்ட முகம் மாதிரி, இடமில்லாமல் மூக்கு. நான் உன் கட்டிலில் உட்கார்ந்துவிட்டேன். நீ எனக்கு வீடு கட்டவில்லை, மகன். அன்றைக்கு அடைத்ததை ஒவ்வொன்றாகத் திறந்துகொண்டிருக்கிறாய். திறந்து முடித்தால் அப்பா எழும்பி வந்துவிடுவார் என்று எங்கேயோ ஒரு மூலையில் நம்பிக்கொண்டிருக்கிறாய்.

அப்போதும் உன்னிடம் என்ன சொல்வதென்று எனக்குத் தெரியவில்லை. தெரிய வைத்தது நீ கட்டிக்கொள்ளப் போகிற பிள்ளைதான். தர்ஷினி அன்றைக்குச் சேலை காட்ட வந்தாள் அல்லவா, நீ இல்லாத நேரத்தில்? சேலையை மடித்து வைத்துவிட்டு, "மாமி, நான் ஒருக்கா அந்த இடத்தைப் பாக்கலாமோ?" என்று கேட்டாள். யாழ்ப்பாணத்துப் பிள்ளை, சுற்றி வளைக்காமல் கேட்கிறாள். "எந்த இடம்?" என்றேன், தெரியாதவள் போல. "மாமா இல்லாமப் போன இடம். அவர் என்னை அங்க கூட்டிக்கொண்டு போறார் இல்லை. வீடு கட்டி முடிஞ்ச பிறகு பாக்கலாம் எண்டு சொல்லுறார். நான் சீமெந்துக்கு மேல நிண்டு பாக்க விரும்பேல்லை மாமி." சவ ஊர்வலத்துக்குப் பிறகு நானே அந்தப் பக்கம் போனதில்லை. டவுனுக்குப் போனால் கூட அந்த ரோட்டைப் பார்க்காமல் முகத்தைத் திருப்பிக்கொள்கிறவள். "எனக்கு அங்க போகப் பயமா இருக்கு புள்ள" என்றேன். "ஓம் மாமி, எனக்கும் பயம்தான். ரெண்டு பேருமாப் போவம்" என்றாள். பஸ்ஸில் வழி நெடுக என் கையை அவள் விடவில்லை.

இடம் எனக்கு அடையாளம் தெரியவில்லை. சரிந்த மண்ணின் மேல் மழை பெய்து பெய்து, நாங்கள் நிரப்பிய பள்ளம் பழையபடி வெளியே வந்திருந்தது. குசினி இருந்த இடத்தில் ஆள் உயரத்துக்குக் கொஹில. சீமெந்துத் தரையின் துண்டுகள் அங்கங்கே நிமிர்ந்து நின்றன, அவற்றின் இடுக்கில் ஹபரல இலை யானைக் காது போல விரிந்து கிடந்தது. தவளைச் சத்தம். முந்தைய நாள் நல்ல மழை, ஆனால் ஒழுங்கையில் கலங்கல் இல்லை. தண்ணீர் அந்தப் பள்ளத்தில் வந்து உட்கார்ந்து, மெதுவாகத் தெளிந்து போய்க்கொண்டிருந்தது. நீ சொல்வாயே, அதே போல. எவ்வளவு அழகாக இருந்ததோ அவ்வளவு பயமாகவும் இருந்தது, ஏனென்றால் அந்தப் பச்சைக்குள் எங்கேயோ அவர் நின்று எங்களைப் பார்க்கிற மாதிரியே இருந்தது.

எங்களைக் கண்டு ஹலீமா ராத்தா படியேறி வந்தார். என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டு அழுதார். பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு, "மகன் ஊடு கட்டப்போறாம் எண்டு கேள்விப்பட்ட. மறுபடி செவராமே புள்ள?" என்றார். வேண்டாம் என்று அவர் சொல்லவில்லை. சொல்லவும் மாட்டார், உன் அப்பாவால் அவர் பேரப்பிள்ளைகள் உயிரோடு இருக்கிறார்கள். ஆனால் அவர் முகத்தை நான் பார்த்தேன். "வானம் இருட்டினா நாங்க இப்பவும் உடுப்பு மூட்டைய எடுத்துக்கிட்டுப் பள்ளிவாசலுக்குப் போயிடுற. பழகிப் போச்சு" என்று சிரித்தார். நீ எவ்வளவு கெட்டிக்காரத்தனமாகக் கட்டினாலும், எத்தனை மூக்கு வைத்தாலும், அந்த மனுஷி அந்தச் சுவரின் கீழே இனி நிம்மதியாக ஒரு தேத்தண்ணி குடிக்கமாட்டார்.

போகும்போது ராத்தா, "வாங்கோ, ஒண்டு காட்டணும்" என்று எங்களைப் படியோரமாகக் கூட்டிப்போனார். சுவரின் ஒரு கோடி மட்டும் விழாமல் நிற்கிறது, மகன். இடுப்பளவு உயரம், ஒரு பாய் அகலம். சரிந்த மண் அதை மூடியிருந்ததால் யாருக்கும் தெரியவில்லை, மழை கழுவிக் கழுவி இப்போதுதான் வெளியே வந்திருக்கிறது. அதில் ஒரு மூக்கு இருந்தது. திறந்திருந்தது. ராத்தா அதில் ஒரு மூங்கில் குழாயைச் செருகி வைத்திருந்தார், அதன் வழியாகத் தண்ணீர் விழுந்துகொண்டிருந்தது. தோட்டத்துப் பீலியில் விழுகிற மாதிரியே, அதே சத்தத்தோடு. "வெயில் காலத்திலயும் நிக்கல்ல. ஒழுங்கையில எல்லாரும் இதிலதான் அள்ளுற" என்றார். நான் மூங்கிலைப் பிடுங்கிவிட்டு ஓட்டையின் வாயைப் பார்த்தேன். நீ பூசிய சீமெந்தின் விளிம்பு இன்னும் வட்டமாக ஒட்டிக்கொண்டிருந்தது, நடுவில் அலவாங்கின் வாய் ஆழமாகக் கொத்திய தழும்பு. உன் சாக்குத் துண்டின் நார் ஒன்று இரண்டு தண்ணீரில் ஆடிக்கொண்டிருந்தது. அந்த மனுஷர் கோடியிலிருந்து வேலையைத் தொடங்கியிருக்கிறார், வேலை தெரிந்தவர் அல்லவா. முதலாவதைத் திறந்துவிட்டுத்தான் அடுத்ததற்குப் போயிருக்கிறார்.

மண் தோண்டியவர் சொன்னது தப்பு, மகன். எல்லாம் அடைத்தபடி இல்லை. ஒன்றைத் திறந்துவிட்டுத்தான் உன் அப்பா செத்தார். தண்ணீர் வெளியே பாய்வதை அவர் கண்ணால் பார்த்திருக்கிறார். தர்ஷினி செருப்பைக் கழற்றிவிட்டு, இரண்டு கையிலும் ஏந்தி முகம் கழுவினாள். பிறகு எனக்கும் ஏந்திக் கொடுத்தாள். நான் குடித்தேன். மண்ணின் வாசம் இருந்தது. மண் வேண்டாம் என்று சொல்லியே வாழ்ந்தவள், அந்த வாசத்தோடு மூன்று மிடறு குடித்தேன்.

சத்தம் நின்றுவிட்டதா என்று கேட்பாய். நிற்கவில்லை. நேற்று மழைக்கும் வந்தது, வழக்கம் போல நடுவில் நின்றது. ஆனால் அடுத்த அடிக்காக நான் காத்துக்கொண்டிருக்கிற அந்த இடைவெளியில் இப்போது தண்ணீர் விழுகிற சத்தம் கேட்கிறது. அது பேய்க் கூத்தோ, வயதான காதின் கோளாறோ, எதுவாக இருந்தாலும் இருக்கட்டும். அவர் எனக்குப் பக்கத்தில் இருந்துவிட்டுப் போகிறார். நான் விரட்டப்போவதில்லை.

உன்னிடம் கேட்பது இதுதான். வரைபடத்தில் அந்த வெள்ளைத் துண்டுக்கும் பச்சை அடி. மீதியிருக்கிற சீமெந்தை உடைத்து எடு, பள்ளத்தைப் பள்ளமாகவே விடு, கரையில் மூங்கிலும் கும்புக் மரமும் வை. ஊருக்குச் சொல்கிற நியாயத்தை உன் வீட்டு வாசலில் முதலில் செய்து காட்டு, அப்போது அந்த முதலாளி கூட உன்னைத் திட்ட யோசிப்பார். எனக்கு இந்த மாடி வீடு போதும், இல்லாவிட்டால் நீயும் தர்ஷினியும் போகிற இடத்தில் ஒரு கட்டில் போடு. அந்தச் சுவர்த் துண்டை மட்டும் இடிக்காதே.

இன்னும் ஒன்று. என் கல்யாணத்துக்கு முதல் நாள் பெண்களெல்லாம் கூடிப் பீலிக்குப் போய், புதுக்குடத்தில் தண்ணீர் பிடித்து வந்துதான் எனக்கும் உன் அப்பாவுக்கும் தலைக்கு ஊற்றினார்கள். நம் வழக்கம் அது. உன் கல்யாணத்துக்குக் குழாய்த் தண்ணீர் போதும் என்று மண்டபத்துக்காரர் சொல்கிறாராம், எனக்குப் போதாது. குடம் வாங்கி வைத்துவிட்டேன், ராத்தாவிடமும் சொல்லிவிட்டேன். வழக்கமாகப் பெண்கள்தான் பிடிப்பார்கள், இந்த முறை மாற்றிக்கொள்ளலாம். நீ வா. அந்த மூக்கை அடைத்தது உன் கை, அதன் கீழே குடத்தைப் பிடிப்பதும் உன் கையாகவே இருக்கட்டும். அப்பா உனக்காகத் திறந்துவிட்டுப் போன தண்ணீர், மகன். வந்து எடுத்துக்கொள்.

அம்மா